நாறாத பன்றியைத் தேடித் தருமபுரிக்கு

டென்மார்க்கில் எனக்குச் சம்பளம் கொடுப்பது என் மூக்குக்காக. சொன்னால் யாரும் நம்புவதில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சித்தி, நான் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகத்தான் இன்றுவரை ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். பன்றியின் முதுகுக் கொழுப்பில் ஒரு துண்டைச் சூடான இரும்பால் தொட வேண்டும். எழும் புகையை மோந்து பார்த்து, நாறுகிறதா இல்லையா என்று எழுத வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் என் உத்தியோகம்.

நாறுவது ஆண் பன்றி மட்டும்தான். அது வயதுக்கு வந்ததும் குடலிலும் விதையிலும் சில பொருட்கள் ஊறிக் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். அந்த இறைச்சியைச் சட்டியில் போட்டால் பஸ் நிலையத்துக் கழிப்பறை சமையலறைக்கே வந்துவிடும். அதனால்தான் ஆண் குட்டிகளுக்குப் பிறந்த சில நாளிலேயே விதை எடுத்துவிடுகிறார்கள். பத்தொன்பது வயதில் டென்மார்க்கில் போய் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அந்தக் குட்டிகளைப் பிடித்துக் கொடுப்பது. இரண்டு வருடம் பிடித்தேன். அவை கத்திய கத்தலைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இதை என்றாவது நிறுத்த வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

நிறுத்த ஒரு வழி இருக்கிறது. கல்லீரலில் உள்ள சில நொதிகள் அந்த நாற்றப் பொருட்களை உடைத்துச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். அந்த நொதியைச் செய்யும் மரபணு எல்லாப் பன்றிக்கும் ஒன்று போல இருப்பதில்லை. சில பன்றிகளில் நொதி சோம்பேறி. சிலவற்றில் ராப்பகலாக உழைக்கும். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் உழைக்கிற வகையே வந்து சேர்ந்த ஒரு பன்றி கிடைத்தால், அதன் வம்சத்துக்குக் கத்தியே தேவைப்படாது. எங்கள் குழு மூன்று வருடமாகத் தேடியும் எங்கள் வெள்ளைப் பன்றிகளில் அப்படி ஒன்றுகூட அகப்படவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, எங்களோடு வேலை செய்யும் பென்னாகரத்துப் பையன் சரவணன் சாவகாசமாகச் சொன்னான்: "எங்க மாமா கடாப் பன்னிக்கி காயே அடிக்கறதில்லீங்க. ஆனா கறி நாறவே நாறாதுங்க." நான் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

என் மேலாளர் ஹென்ரிக் சிரித்தார். அந்த மாமா பன்றிக்கு என்ன போடுகிறார் என்று கேட்டார். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியைப் போடுவார் என்றான் சரவணன். "அப்படியானால் அது மரபணு இல்லை, தீனி. பச்சை மாவுச்சத்து குடலில் நாற்றத்தைக் குறைக்கும், உனக்கே தெரியும்" என்றார் ஹென்ரிக். தெரியும்தான். ஆனாலும் நான் விடவில்லை. கடைசியில் அவர், "இரண்டு வாரம் தருகிறேன். வெறுங்கையோடு வந்தால் இந்தத் திட்டத்தை மூடிவிடுவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வழியில் ஒரு விமான நிலையத்தில் என் இரும்பைப் பறித்துக்கொண்டார்கள். பன்றிக் கொழுப்பைச் சுட்டு மோந்து பார்க்கும் கருவி என்று உண்மையைச் சொன்னேன். அந்த அதிகாரி என்னை இன்னும் கூர்ந்து பார்த்தார், அவ்வளவுதான் பலன்.

தருமபுரி ரயில் நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்தவர் அன்வர். நாற்பது வயது இருக்கும். வாடகைக் கார் வைத்திருக்கிறார். நான் பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே "மேடம் கேரளாவா?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லாரும் கேட்டுச் சலித்த கேள்வி. ஊரைச் சொன்னேன். வந்த வேலையையும் சொன்னேன். வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அக்கா, எங்க வேணும்னாலும் வர்றேன். எத்தன நாளு வேணும்னாலும் வர்றேன். வண்டியில மட்டும் பன்னிய ஏத்தாதீங்க. கறியா இருந்தாலும் சரி, குட்டியா இருந்தாலும் சரி" என்றார். அதற்குச் சம்மதித்தேன். மேடம் அதற்குள் அக்காவாகிவிட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

இரும்புக்கும் அவரே வழி சொன்னார். அவருடைய அண்ணன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் ராடு அவரிடம் நாலைந்து கிடந்தது. எதற்கு என்று மறைக்காமல் சொன்னேன். அண்ணன் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு இருப்பதிலேயே நல்லதை எடுத்து, நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

"நல்லா வேல செய்யுங்க. திருப்பி மட்டும் குடுக்க வேணாம். நீங்களே வெச்சுக்குங்க" என்றார். டென்மார்க்கில் இப்படி ஒரு கருவி வாங்க நான் மூன்று படிவம் நிரப்ப வேண்டும்.

மறுநாள் காலை பென்னாகரம் போனோம். டென்மார்க்கில் ஒரு பன்றிக் கொட்டகைக்குள் போவதென்றால் குளித்து, அவர்கள் தரும் உடுப்பைப் போட்டு, காலணியை மருந்துத் தண்ணீரில் முக்க வேண்டும். அங்கே நாட்டில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம், ஆனால் ரோட்டில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. இங்கே சரவணனின் மாமா மாதையன் கொட்டகைச் சுவரிலேயே காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக என்னை வரவேற்றார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி. அவர் மனைவி முனியம்மாள் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

கொட்டகையில் நாலு பெரிய கறுப்பு ஆண் பன்றிகள் திப்பியைத் தின்றுகொண்டிருந்தன. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நாலுக்கும் விதைப் பையில் தையல் தழும்பு இருந்தது.

"இதென்ன, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்றேன்.

மாதையன் பெருமையோடு சொன்னார்: "நீங்க டிக்கெட் போட்டாச்சுன்னு சரவணன் போன் பண்ணானுங்க. அன்னிக்கே ஆள் வரவெச்சு நாலுக்கும் காயடிச்சுப்புட்டேன். என்னோட கடா நாறாதுங்க, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவ்வளவு தூரத்துலருந்து வர்றீங்க. உங்க முன்னால லேசா வாசம் கீசம் வந்துட்டா எங்களுக்கு அசிங்கம் இல்லீங்களா?"

"நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் முனியம்மாள். "அந்தம்மா பாக்க வர்றதே அதத்தானே, அத அறுத்துப்புட்டு என்னாத்தக் காட்டுவேன்னு கேட்டேன். வூட்டுக்கு வர்ற விருந்தாளிக்கி மரியாத வேணும்னு எனக்கே பாடம் நடத்தறாரு இந்த மனுசன்!"

விதை எடுத்து மூன்று வாரமானால் எந்தப் பன்றியும் நாறாது. நான் டிக்கெட் போட்டு ஒரு மாதமாகியிருந்தது. நாறாதது நொதியாலா, கத்தியாலா என்று எந்த மூக்காலும் சொல்ல முடியாது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. மரியாதை தெரியாத மனிதராக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். இவரோ மரியாதை மிஞ்சிப்போய்ச் செய்திருக்கிறார். விஷயம் புரியப் புரிய மாதையனின் முகம் கறுத்துச் சுருங்கியது. காப்பியைக் கீழே கொட்டிவிட்டுத் தலையில் கை வைத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

கத்தியால் மரபணுவை எடுக்க முடியாது. அதுதான் மிச்சம். நாலு காதிலும் ஊசியால் குத்தி, சோதனை அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்தேன். பக்கத்து மாவட்டத்தில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மாதையனே தன் மொபெட்டில் கொண்டு போய்க் கொடுப்பதாகச் சொன்னார். அட்டையில் இருப்பது பன்றி ரத்தம் என்பதால் அன்வரின் கார் அதற்குத் தோதில்லை.

முனியம்மாள் எனக்குக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். கேழ்வரகுக் களி உருண்டையைப் பிட்டுக் குழி செய்து, கீரையைத் தொட்டு, மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. அந்தத் துக்கத்திலும் முனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு சொன்னார்: "ஏங்க, அரூர்ப் பக்கம் கோவிந்தம்மாவுக்கு ஒரு கடாக்குட்டி குடுத்தமே, அது இருக்குதா கேளுங்க."

மாதையன் துள்ளி எழுந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், இதே தாயின் வயிற்றுக் குட்டி ஒன்றைத் தீர்த்தமலைப் பக்கம் ஒரு கிராமத்திலிருக்கும் கோவிந்தம்மாளுக்குக் கொடுத்திருக்கிறார். தாயையும் தகப்பனையும் அதன்பின் விற்றுவிட்டாராம். போன் செய்தார். எதிர்முனையில் இரைச்சலாக ஒரு பெண் குரல். மாதையன் ஒரே கேள்விதான் கேட்டார்: "காயடிச்சிட்டியா?" பதிலைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

மூன்றாம் நாள் அங்கே கிளம்பினோம். பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர். அது போன மாதமே பஞ்சரானது என்றும், ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்ததாகவும் அன்வர் வெட்கத்தோடு சொன்னார். ஒரு லாரிக்காரர் இரண்டு டயரையும் அன்வரையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் ஒரு புளிய மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வழியாகப் போன ஒன்பது பேரில் எட்டுப் பேர் நின்று, எந்த ஊர், என்ன ஆச்சு, சாப்பிட்டீங்களா என்று கேட்டார்கள். டென்மார்க்கில் ரோட்டோரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போலீஸ் மட்டும்தான் கேட்கும்.

கோவிந்தம்மாள் ஒல்லியான, சத்தமான பெண்மணி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பன்றிகளிடம் தெலுங்கிலும் மனிதர்களிடம் தமிழிலும் பேசினார். இரண்டு பேரையும் ஒரே அளவு அதட்டினார். வேலிக்கு வெளியே, வேப்ப மர நிழலில், இரண்டு பெரிய ஆண் பன்றிகள் படுத்திருந்தன. கறுப்பாக இருந்தது மாதையன் கொடுத்தது. சாம்பல் நிறம் சந்தையில் குட்டியாக வாங்கியது. இரண்டுக்கும் ஒரே வயது. இரண்டுக்கும் விதை அப்படியே இருந்தது.

"என்ன தீனி போடுறனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓட்டல்ல மிஞ்சறதுங்க. பரோட்டா, சாம்பார் சோறு, கோழித் தோலு."

"கிழங்குத் திப்பி?"

"அய்ய, அதுக்கு நான் எங்க போவேன்? இந்தப் பக்கம் ஆலையே இல்லீங்களே."

அன்வர் பதறிப்போய் என்ன ஆச்சு என்று காரிலிருந்து கேட்டார். நான் அந்தப் புழுதியில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். ஒரே வயது, ஒரே தீனி, ஒரே இடம், இரண்டு வேறு வம்சம். ஹென்ரிக்கின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. இதை டென்மார்க்கில் ஏற்பாடு செய்ய எங்களுக்கு ஒரு வருடம் பிடித்திருக்கும்.

ஊசியை எடுத்துக்கொண்டு கறுப்பனின் காதை நோக்கிக் குனிந்தேன். கோவிந்தம்மாள் என் கையைப் பிடித்துவிட்டார்.

"ஊசி கீசி எல்லாம் கூடாதும்மா. ரெண்டும் முனியப்பனுக்கு விட்டது. ஒடம்புல ஒரு கீறல் இருக்கப்படாது. அதுக்குத்தான் நான் காயே அடிக்கல."

மூன்று முறை ஆழ்துளை போட்டும் அவர் நிலத்தில் தண்ணீர் வரவில்லையாம். நாலாவது முறை வேண்டிக்கொண்டாராம், வந்துவிட்டதாம். "வந்ததுக்கு ஒண்ணு, நிக்காம வர்றதுக்கு ஒண்ணு" என்று இரண்டையும் காட்டினார். சாமிக்கு நேர்ந்துவிட்ட பன்றியைக் கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது. அது ஊரில் எங்கே போனாலும் யாரும் விரட்டக் கூடாது. பூசை எப்போது என்று கேட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை என்றார். எனக்கு விமானம் திங்கட்கிழமை இரவு. பூசை முடிந்ததும் கொழுப்பும் கல்லீரலில் ஒரு துண்டும் தர முடியுமா என்று கெஞ்சினேன். "சாமிக்கிக் குடுத்தப்புறம் ஊருக்கே கறி. உனக்கில்லாமலா?" என்றார்.

காத்திருந்த நாட்களில் தீர்த்தமலை ஏறினேன். பாறையிலிருந்து தீர்த்தம் சொட்டும் இடத்தில் நின்ற பக்தர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று எனக்கு வரிசையில் இடம் விட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அன்வர் வீட்டில் பிரியாணி. அவர் மனைவி பரிமாற வந்தபோது, மூடியைத் திறப்பதற்கு முன்பே, கிராம்பு கூடிவிட்டது என்று சொன்னேன். "அல்லா, நெசமாவே மூக்குதான்!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகு வீட்டிலிருந்த அத்தர் குப்பி, மசாலா டப்பா எல்லாம் என் மூக்குக்கு முன்னால் வந்து போயின. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. மாதையனின் நாலு பன்றிக்கும் இரண்டு வழியிலும் உழைக்கிற வகை மரபணு. நாலுக்கு நாலு. அறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஹென்ரிக்கிடம் சொன்னேன். "நல்லது. ஆனால் நாறவில்லை என்பதை விதையோடு இருக்கும் பன்றியில் காட்டு" என்றார். நாளைக் காலை போனைத் திறந்து வைத்திருங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முனியப்பன் கோயிலில் ஊரே கூடியிருந்தது. கோயில் என்றால் வயலோரம் ஒரு பெரிய சிலை, எதிரே நாலு வேல், அவ்வளவுதான். மாதையனும் முனியம்மாளும் மொபெட்டில் வந்து சேர்ந்தார்கள். அன்வர் காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. இரண்டு பன்றிகளையும் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள்.

பூசாரி மஞ்சள் தண்ணீரை முதலில் சாம்பல் பன்றியின் மேல் தெளித்தார். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாகப் பொருள். சிலுப்பாவிட்டால் வெட்டமாட்டார்கள். சாம்பல் உடனே சிலுப்பியது. அடுத்துக் கறுப்பன். தண்ணீர் தெளித்தார்கள். அவன் சும்மா நின்றான். மறுபடி தெளித்தார்கள். அப்போதும் சும்மா நின்றான்.

கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. "ஏதோ கொற இருக்குது" என்று கூட்டம் முணுமுணுத்தது. நான் கையுறையும் ஐஸ் பெட்டியுமாக முன் வரிசையில் நின்றேன். சிலுப்படா, சிலுப்படா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். குட்டிகளுக்காக இவ்வளவு தூரம் வந்தவள், ஒரு நல்ல பன்றி சீக்கிரம் சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது உறைத்ததும் என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் வரவில்லை.

கோவிந்தம்மாள் என்னிடம் வந்தார். "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. டாக்டரு மாதிரி நிக்கற. அது ஊசின்னு பயப்படுது." கையுறையைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் அன்வர் பக்கத்தில் நின்றேன். இனி நடப்பது நடக்கட்டும் என்று இருந்தது. நிஜமாகவே விட்டுவிட்டேன். பூசாரி மறுபடி தெளித்தார். மூக்கு முதல் வால் வரை கறுப்பன் சிலுப்பிய சிலுப்பில் பூசாரியின் வேட்டி முழுக்க மஞ்சளாகிவிட்டது. கூட்டம் குலவையிட்டது. அடுத்ததை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ராடைச் சூடாக்க மின்சாரம் வேண்டும். இருந்தது ஒரே ஒரு இணைப்பு, அது ஒலிபெருக்கிக்கு. கோவிந்தம்மாள் போய் அதைப் பிடுங்கிவிட்டு என் ராடைச் சொருகினார். பாட்டு பாதியில் நின்றதும், மைக் செட்டுக்காரர் உட்பட மொத்த ஊரும் என்னைச் சுற்றி நின்றது. முனியம்மாள் இரண்டு பன்றியின் கொழுப்பிலும் மும்மூன்று துண்டு எடுத்து, மரத்துக்குப் பின்னால் போய், வரிசையைக் கலைத்து, தேக்கு இலைகளில் தனித்தனியாக மடித்து, எண் போட்டு வந்தார். எந்த எண் எந்தப் பன்றி என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். போனில் ஹென்ரிக்கின் முகம். அன்வர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

ஒன்றாம் எண். இரும்பு தொட்டது, புகை எழுந்தது, மோந்தேன். வறுத்த வேர்க்கடலை மாதிரி நல்ல வாசம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். இரண்டாம் எண். நான் மூக்கைக் கொண்டுபோவதற்கு முன்பே முன் வரிசை கலைந்தது. "அய்யய்யோ, மூத்தரம்!" என்று பூசாரியின் தங்கை ஓடினார். மூன்று, நாறியது. நாலு, சுத்தம். ஐந்து, சுத்தம். ஆறு, மைக் செட்டுக்காரர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார். போனிலிருந்து ஹென்ரிக், "எனக்கு ஒன்றும் மணக்கவில்லை, ஆனால் அவர்கள் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன" என்றார்.

முனியம்மாள் நிதானமாக இலைகளைப் பிரித்தார். "ஒண்ணு, நாலு, அஞ்சு, எங்க கறுப்பன். ரெண்டு, மூணு, ஆறு, சந்தைப் பன்னி."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, டேனிஷும் தமிழும் கலந்திருந்ததாக அன்வர் பிறகு சொன்னார். மாதையன் கூட்டத்தின் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நின்று அழுதார். முனியம்மாளைக் கட்டிப் பிடித்து நானும் அழுதேன். ஹென்ரிக் எழுந்து நின்று கை தட்டினார். பதினாறு வருடத்தில் அவர் எனக்காகக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. கறுப்பனின் ரத்தமும் பிறகு அதையே சொன்னது.

கறி வெந்தது. கறுப்பனின் கறி மட்டும் தனிச் சட்டியில். களியோடு எனக்கும் வந்தது. இந்த முறை மெல்லாமல் விழுங்கினேன். அப்போதுதான் ஹென்ரிக் மறுபடி போனில் வந்து கேட்டார்: "சரி, இந்த வம்சத்து ஆண் பன்றிகள் இப்போது எங்கே இருக்கின்றன? இனப்பெருக்கம் தொடங்க வேண்டும் அல்லவா?"

நான் தட்டைப் பார்த்தேன். நாலுக்கு விதை இல்லை. ஐந்தாவதை நான் தின்றுகொண்டிருந்தேன்.

வாயில் இருந்தது உள்ளே போகவில்லை. நாங்கள் மூன்று வருடம் தேடியதை ஓர் ஊரே சேர்ந்து களிக்குத் தொட்டுக்கொண்டு முடித்துவிட்டது. ஹென்ரிக் கேட்டதை மாதையனிடம் தமிழில் சொன்னேன். கேட்டதும் அவர் கையிலிருந்த தட்டு கீழே போனது. அவருக்கும் இப்போதுதான் உறைத்தது.

கோவிந்தம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு இப்ப எழவு வூடு மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கறீங்க?" என்றார். "கடா வேணும், அவ்வளவுதானே? சாமிக்கி விட்ட பன்னி ஒன்றர வருசமா ஊரச் சுத்திச்சே, சும்மாவா சுத்திச்சு?"

எழுந்து போய் ஒரு காலி எண்ணெய் டின்னை எடுத்தார். அதில் குச்சியால் ஓங்கி அடித்து, தெலுங்கில் ஏதோ கூப்பிட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஓடைக்குள்ளிருந்து ஒரு தாய்ப் பன்றி வந்தது, பின்னால் ஏழு குட்டிகள். கரும்புத் தோட்டத்திலிருந்து இன்னொன்று, அதன் பின்னால் ஒரு வரிசை. குளத்தங்கரையிலிருந்து, வேலிச் சந்திலிருந்து, கோழிப் பண்ணையின் பின்னாலிருந்து. சாம்பல் குட்டிகளும் கலந்துதான் இருந்தன. ஆனால் கறுப்பு கறுப்பாக, கறுப்பனின் அதே முட்டி நிற்கும் நெற்றியும் தூக்கிய காதுமாக, மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவைதான் அதிகம். "எங்க மூஞ்சிங்க! அத்தனையும் எங்க மூஞ்சி!" என்று மாதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றின் நடுவே ஓடினார். ஒவ்வொரு குட்டியையும் தூக்கிப் பின்பக்கம் பார்த்து, "கடா! இதும் கடா! ஒண்ணுத்துக்கும் கத்தி படல!" என்று கூவினார். கறுப்பன் வழியில் உழைக்கிற வகை ஒன்று இவற்றுக்கு வந்திருக்கும், தமக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் இரண்டு வழியிலும் வந்துவிடும்.

அன்வர் போனைக் குட்டிகளின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இவை என்ன?" என்றார் ஹென்ரிக்.

"நீங்கள் கேட்ட ஆண் பன்றிகள்" என்றேன். "எண்ணுங்கள்."

அவர் எண்ணத் தொடங்கினார்.